எண்பத்தேழில் ஒரு பங்கு

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழலாம்.
அந்த கேட்டைப் பார்த்த மூன்றாவது மாடியில்
ஹவுசிங் போர்டு வீடு, ஈரம் கசியும் சுவர்,
உள்ளறையில் ஒரு பீரோ, ஒரு ஜன்னல்.
கட்டிலை விற்றுவிட்டேன்.

கட்டில் கிடந்த இடத்தில்
ஆறடிக்கு நாலடி பிளைவுட்.
அதன்மேல் முட்டை வடிவில் தண்டவாளம்,
ஒரு பாலம், ஒரு யார்டு,
யாருக்கோ வாங்கிவைத்து அவர் வராமலே போக
பர்மா பஜார்க்காரர் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட
டீசல் எஞ்சின், எட்டுப் பெட்டிகள்.

ஸ்டான்லியில் இரவு முழுக்க
ரத்தம் எடுக்கிறவள் நான்.
நரம்பைத் தேடித் தேடிப் பழகிய விரல்களால்
காலையில் கொக்கிகளை மாட்டுவேன்.
ஒரு வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை.
முப்பத்தெட்டு வயசுப் பொம்பளை
பொம்மை ரயில் விடுகிறாள் என்றால்
குழாயடியில் அது எத்தனை குடம் நிறையும்.

காட்டிக்கொடுத்தது கரண்ட்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபியூஸ் போய்
மாடியே இருண்டது.
டார்ச்சும் கையுமாக வந்த முஜீப்
பிளைவுட் முன்னால் நின்றுவிட்டான்.
"இன்னாக்கா இது?"
சொன்னேன்.
ஃபியூஸைப் போட்டான். போகவில்லை.
"ஓட்டிக் காட்டு" என்றான்.

மறுநாள் என் வாசலில்
பதினோரு ஜோடிச் செருப்பு.

கூடையை வெளியே வைத்துவிட்டு
(வாசம் மட்டும் உள்ளே வந்தது)
தேசம்மாள் பிளாட்ஃபாரத்தைக் குனிந்து பார்த்தாள்.
ஜெர்மனியில் செய்த பாக்கெட் அது.
இருபத்துநாலு பேர்.
கம்பளிக் கோட்டு, தொப்பி.
ஒருத்தன் தோளில் பனிச்சறுக்குக் கட்டை.
"யார்ரா இவனுங்கோ?
மே மாசத்துல கோட்டு போட்டுக்கினு
எந்த ஊருக்குப் போறானுங்கோ?"

அறை குலுங்கிச் சிரித்தது.
நானும்தான்.
ஒரு வருஷமாக யாருடைய குளிர்காலத்திலோ
ரயில் விட்டிருக்கிறேன்.

ஸ்டெல்லா நகப்பூச்சுப் பாட்டில்களைக் கொண்டுவந்தாள்.
கோட்டு ஒன்று மாம்பழ நிறப் புடவையானது.
இன்னொன்று கைலி.
சறுக்குக் கட்டையைச் செதுக்கித் துடுப்பாக்கி
அவனைக் காசிமேட்டுக்காரன் ஆக்கினான் முஜீப்.
மிளகு அளவில் ஒரு மீன்கூடை
தேசம்மாளே செய்தாள். நாலு தடவை தொலைந்தது.
தண்ணி லாரி வேண்டும் என்றார்கள், வைத்தேன்.
லாரிக்குப் பின்னால் குடங்கள்:
நீலம், பச்சை, நீலம், ஆரஞ்சு,
எல்லாம் குண்டூசித் தலை.

டில்லிபாபு மட்டும் பேசவில்லை.
கீழே அந்த கேட்டை மூடுகிறவர் அவர்,
ஊர் வசவெல்லாம் வாங்குகிறவர்.
லீவு நாளில் வந்து சுவரோரம் நின்றவர்
கடைசியில் கேட்டார்:
"கேட் எங்கே?"
"வைக்கலை. இந்த ஊர்லயாவது இல்லாம இருக்கட்டும்."
எல்லோரும் கைதட்டினார்கள்.
"அப்ப சாவாங்க" என்றார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ரயில் மட்டும் இரண்டு சுற்று சுற்றியது.

அடுத்த வாரம் இரண்டு ஈர்க்குச்சி,
சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்து,
நூல் கட்டிக் கொண்டுவந்தார்.
இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும்.
நூலை அவர் வைத்துக்கொள்ளவில்லை.
ஆளுக்கு ஒரு சுற்று என்று கை மாற்றினார்.
ஸ்டெல்லா மகன் யோவான்
ரயில் வரும் முன்னே மூடிவிட்டு
போன பின்னும் திறக்க மறந்து நின்றான்.
"பாத்தியா" என்றார், வேறொன்றும் சொல்லாமல்.

அதற்கப்புறம் எங்கள் மாடிக்காரர்கள்
கேட்டில் ஹாரன் அடிப்பதில்லை.
முஜீப் அடிக்கிறான். பழக்கம்.

மாலை ஆறே காலுக்கு
எண்ணூர்ப் பக்கமிருந்து நிலக்கரி கூட்ஸ் வரும்.
ஜன்னல் கம்பி முதலில் முனகும்,
பிறகு பீரோ, பிறகு பிளைவுட்.
எங்கள் எட்டுப் பெட்டியும் தடம் புரளும்.
பிளாட்ஃபாரத்தில் ஒருவர் பாக்கியில்லாமல்
மல்லாந்து விழுவார்கள்.

நாற்பது சொச்சம் வேகனும் போய்த் தீரும்வரை
யாரும் தொடமாட்டார்கள்.
அப்புறம் கைகள் வரும்.
செதில் ஒட்டிய கை, கிரீஸ் கை,
மருதாணிக் கை, பென்சில் கறை படிந்த கை.
அவரவர் தன்னைத் தேடி எடுத்து
நிமிர்த்தி வைப்பார்கள்.

ஒரே ஒருத்தனுக்கு மட்டும்
வண்ணம் தீர்ந்துபோய்
கோட்டும் தொப்பியுமாக விட்டுவிட்டோம்.
விருந்தாளி.
வேர்க்குமே என்று தேசம்மாள் அவனை
தண்ணி லாரி நிழலில் நிறுத்தச் சொன்னாள்.
அவனை எடுத்து நிறுத்துவது
என் வேலை.