பதினெட்டு மில்லிசெக்கன்

திரையில் பெருப்பித்தால் தெரிகிறது:
இரண்டிலும் நான்கிலும் விழுகிற
எமில்டனின் ஸ்னேர் அடி ஒவ்வொன்றும்
கோட்டுக்குச் சற்று வலப்பக்கம்,
தரிப்பிடத்தைத் தாண்டிப் போய் நிற்கிற
காரைநகர் பஸ் மாதிரி.

அளந்தேன். பதினெட்டு. பத்தொன்பது.
இடைக்கிடை பதினாறு.
ஒன்றுகூட முந்தி விழவில்லை.

கொக்குவிலில், தண்டவாளத்துக்கு நாலு வளவு தள்ளி,
முட்டை மட்டை ஒட்டிய அறை என் ஸ்ரூடியோ.
றெயின் போகிற நேரங்களைக்
கதவில் மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறேன்.
ஒருநாளும் அது என் கதவை மதித்ததில்லை.

காசு கட்டுகிறவர் ஸ்காபரோவிலிருந்து
குரல் அனுப்பியிருந்தார்:
"தங்கச்சி, ட்றம்ஸ் கொஞ்சம் இழுபடுது.
எல்லாத்தையும் டைற்றாக்கி விடும்."

டைற்றாக்கினேன்.
முழுவதையும் தெரிந்து ஒரேயொரு விசை.
முந்நூற்றுப் பன்னிரண்டு அடிகளும்
பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் போல
கை நீட்டி இடைவெளி எடுத்து நின்றன.

கேட்டேன்.
பிழை ஒன்றும் இல்லை.
பாட்டும் இல்லை.

தபோதரனின் பேஸ் கிற்றார்
வழமையான கதிரையை யாரோ அரையடி நகர்த்திவிட்டதைப் போல
ஒவ்வொரு சுற்றிலும் அந்தரப்பட்டு இருந்தது.
பாட வந்த பிள்ளை ஹெட்போனைக் கழற்றி
"அக்கா, இது வேற பாட்டோ?" என்றாள்.

எமில்டனுக்கு வலதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை.
கிக் பெடலை மிதிப்பது பிளாஸ்ரிக் கால்.
அவன் வாசிப்பில் ஒரு சாய்வு கேட்டதும்
சனம் கீழே பார்க்கும்,
விளங்கிவிட்டது போல மெல்லத் தலையாட்டும்.
நானும் ஆட்டியிருக்கிறேன்.

இன்றைக்குக் கிக் அடிகளைப் பெருப்பித்தேன்.
கோட்டில். கோட்டிலேயே.
ஒரு தலைமயிர் நுழைய இடமில்லை.
பிந்துவது கை.
ஒரு குறையும் இல்லாத கை.

போன் எடுத்தேன். குருநகரில்
ஐஸ் தொழிற்சாலையில் வேலையாய் நின்றான்.
பின்னால் கட்டி உடைக்கிற சத்தம்.
"வேணுமெண்டோ பிந்தி அடிக்கிறாய்?"
"பிந்துதோ?"
கொஞ்ச நேரம் ஐஸ் மட்டும் உடைந்தது.
"கால் கோட்டில நிக்குதெல்லோ.
அதை நம்பித்தான் கை ஆறுதலா வருது.
முந்தி நான் காலை நம்பேல்லை.
அப்ப எல்லாம் அவதிதான்.
சரி வை, லொறி வந்திட்டுது."

ஒன்பதாம் வகுப்பில் குற்றியலுகரம் படித்தோம்.
பாட்டு, காற்று, நேற்று:
கடைசி உகரத்துக்கு அரை மாத்திரை.
எழுதினேன், சரி போட்டார்கள்.
ஆனால் திருநெல்வேலிச் சந்தையில்
கத்தரிக்காய் எப்பிடிப் போகுது என்று கேட்கிறவர்
அரையை எண்ணிக் கேட்பதில்லை.
வாய் அந்த உகரத்தைத் தொடும், அதில் குந்தியிருக்காது.
முழுதாய்ச் சொல்லிப் பாருங்கள்,
போனில் வழிகாட்டுகிற பெண்
எங்கள் ஒழுங்கைப் பெயரை வாசிப்பது போலிருக்கும்.

செய்ததை மீட்கும் விசையை அழுத்தினேன்.
அடிகள் தத்தம் இடத்துக்குப் போயின,
பதினாறுக்காரன் பதினாறுக்கு,
பத்தொன்பது பத்தொன்பதுக்கு.
கிக்கை மட்டும் ஒன்றரை டெசிபல் கூட்டினேன்,
கை எதை நம்பி வருகிறது என்று
ஸ்காபரோவுக்கும் கேட்கட்டும்.

பேஸ் போய்த் தன் கதிரையில் அமர்ந்தது.
மேசைக்குக் கீழே என் கால், நான் சொல்லாமலே.
பாட வந்த பிள்ளை ஹெட்போனை மாட்டி
கண்ணை மூடி, இரண்டாம் வரியில் வாயைத் திறக்க,

றெயின்.
கதவில் எழுதியதற்கு இருபத்திரண்டு நிமிடம் பிந்தி.
முட்டை மட்டைகள் அதிர்ந்தன.
பதிவை நிறுத்தினேன்.

இது வேறு பிந்துதல்.
இதற்குக் கால் இல்லை.