இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இரவு இரண்டுக்குத் தொடங்கும் வேலை
காலை பத்துக்கு முடிகிறது.
முந்நூறு குரோசான், எழுநூறு ரொட்டி.
பிறகு ஓபர்பார்மனில் தொங்கு ரயில் ஏறி
கடைசி ஜன்னலோரம் புத்தகத்தைத் திறக்கிறேன்.
கீழே வுப்பர் ஆறு, மேலே ஒற்றைத் தண்டவாளம்,
நடுவில் தொங்குவது
நானும் ஒரு கொலையும்.

ஃபோவிங்கலுக்கு அரை மணி நேரம்.
கொலைக்கதை என்றால் நாலு நாள்.
கவிதை என்றால் சொல்ல முடியாது:
போன மார்கழியில் எடுத்த மெல்லிய நூல்
இன்னும் ஒன்பதாம் பக்கத்தில் நிற்கிறது.
நானும் அங்கேயே நிற்கிறேன்,
யாரும் இறங்கச் சொல்லவில்லை.

நீளமான ஜெர்மன் வாக்கியங்களில்
வினைச்சொல் கடைசியில் வந்து சேரும்.
சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.
எனக்கென்ன, தமிழில் பிறந்தவன்.
கத்தி என்ன செய்தது என்று அறிய
முற்றுப்புள்ளி வரை காத்திருந்து பழக்கம்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை:
ஜெர்மனில் மூன்று பேரைக் கொன்றாலும்
நிம்மதியாக உறங்குகிறேன்.
தமிழில் ஒருத்தி 'ஆரது?' என்று கேட்டபடி
கதவைத் திறந்தால் போதும்,
எழும்பிப் போய் என் பூட்டைப் பார்க்கிறேன்.

சமையல் நூல்களைப் பசிக்காக வாசிப்பதில்லை.
'ஒரு சிட்டிகை' என்று எழுதிவிட்டுப்
போகிறவரின் நம்பிக்கைக்காக.
துருவப் பயணங்களைப் போறணைக்குப் பக்கத்தில்,
இடைவேளையில், நின்றபடி.
காதல் கதைகளுக்கு மட்டும்
வருமான வரிக் கையேட்டின் உறை.
பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை
எந்தச் செலவைக் கழிக்கலாம் என்று கேட்டார்.
கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள்.
தெரிந்ததைச் சொன்னேன்.

எல்லாம் நிறுத்தத்தடியில் நிற்கும்
பழைய தொலைபேசிக் கூண்டிலிருந்து.
எடுக்கலாம், வைக்கலாம், கேட்க ஆளில்லை.
அங்கேதான் பென்சில்காரரைச் சந்தித்தேன்.
ஆணோ பெண்ணோ, ஆளைக் கண்டதில்லை.
தத்துவ நூலின் ஓரத்தில் 'நைன்.'
இரண்டு பக்கம் தள்ளி 'நைன், நைன்!'
கேக் செய்முறையில் 'சீனி பாதி போதும்.'
(போதும். செய்து பார்த்தேன்.)
கொலைக்கதையின் நாற்பதாம் பக்கத்திலேயே
ஒரு பெயரின் கீழ் மெல்லிய கோடு.
அவன்தான்.
அன்று முழுக்க அந்தக் கோட்டோடு நான் கதைக்கவில்லை.

பிறகு அந்தக் கடல் நாவல். எண்ணூறு பக்கம்.
இருநூற்றுப் பன்னிரண்டில் பென்சில் நின்றுவிட்டது.
அதற்கப்பால் ஓரங்கள் வெறும் வெள்ளை.
ஒரு கிழமை எனக்கு ஒன்றும் சரியாக இல்லை.
வயதானவரோ. மாடிப்படியோ. மருத்துவமனையோ.
அவருக்கும் சேர்த்து வாசிப்பதாக
நினைத்துக்கொண்டு வாசித்தேன்.
இருநூற்று நாற்பதில் விளங்கியது:
கப்பல் துறைமுகத்தை விட்டு நகரவே இல்லை.
மனிதருக்கு அலுத்திருக்கிறது, அவ்வளவுதான்.
கூண்டில் திருப்பி வைத்துவிட்டுத்
தோட்டக்கலைக்குப் போனேன்.

பங்குனியில் ஒரு மழைநாள்
(இங்கே அதற்குத் தனி நாள் இல்லை)
கூண்டில் வேறொன்றும் இல்லை என்று
அதையே மறுபடி எடுத்தேன்.
மறுநாள் ரயிலில் விரித்தால்
இருநூற்று முப்பத்தொன்பதில்
என் பெருவிரலின் வெண்ணெய்க் கறை.
தாள் அங்கே கண்ணாடியாகி
மறுபக்கத்து எழுத்து தெரிகிறது.
அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.
பக்கத்தில், சாய்ந்த கையெழுத்தில்:
'இவ்வளவு தூரம் வந்தீர்களா?'

இருநூற்று நாற்பத்தொன்றில் 'நைன்.'
இருநூற்று அறுபதில் ஒரு கொட்டாவி,
அப்படித்தான் எழுதியிருந்தது, நீளமாக.
முந்நூற்று இரண்டில் கப்பல் நகர்கிறது.

ஃபோவிங்கலில் எல்லோரும் இறங்கினோம்.
எதிர்ப்பக்கம் நடந்து
வந்த ரயிலிலேயே மறுபடி ஏறி
கையைத் துடைக்காமல்
பக்கத்தைப் புரட்டுகிறேன்.