இருபத்திரண்டு ஓம்

மூன்றாவது தடவையாக இடது பல்பு போனதும்
பெள்ளிராஜ் ஆம்ப்ளிபயரைக் கம்பளியில் சுற்றி
அரவேணு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார்.
அதற்கும் டிக்கெட் கேட்டாராம் கண்டக்டர்.

“எல்.இ.டி. போட்டுடுங்க மேடம்.
இனிமே இதைத் திறக்கவே கூடாது.”

திறந்தேன்.
நகத்தளவு கண்ணாடிக் குழல் இரண்டு,
முனைகளில் பித்தளைத் தொப்பி.
இடதில் இழை அறுந்து உள்ளே புகைநிறம்.
எண்கள் அச்சிட்ட தாள்
அப்பளத்தின் ஓரம்போலச் சிவந்திருந்தது.

பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன்.

முதலில் வெள்ளை.
இரண்டு மீட்டரும் மருந்துக்கடை ஆகிவிட்டன.
அதில் ஆடியது முள் இல்லை, ஊசி.
கழற்றினேன்.
அடுத்து மஞ்சள் கலந்தது.
நிறம் சரி, ஆனால் நடுங்கியது.
டிரான்ஸ்பார்மர் அனுப்புவது ஆறு வோல்ட் சொச்சம்,
நொடிக்கு ஐம்பது முறை போவதும் வருவதுமாக.
எல்.இ.டி.யோ
ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவு.
நான்கு டையோடு, ஒரு கெபாசிட்டர்.
நடுக்கம் நின்றது.
கூசாமல் இருக்க அதன் தலையை
உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கினேன்.

“வலது எப்படியோ போகட்டும்,
இடது தெளிவா இருக்கணும்.”
நான் ஏன் என்று கேட்கவில்லை, அவரே சொன்னார்:
தேயிலை ஆலையின் வாடல் மாடியில் பதினெட்டு வருஷம்.
இலைக்குக் காற்று ஊதும் ஃபேன்
இடது காதை ஊதி முடித்துவிட்டது.
அந்தப் பக்கத்துச் சத்தத்தை
முள்ளில்தான் பார்த்துக்கொள்கிறார்.
தவில் இடதிலிருந்து வந்தால்
கேட்காவிட்டால் என்ன, ஆடுகிறதே.

கார்த்திகை மழையில் திரும்ப வந்தார்.
அதே கம்பளி.
வலது மீட்டர் பளிச்சென்று.
இடதில், கண்ணாடிக்கு உள்பக்கம்,
யாரோ மூச்சு விட்ட மாதிரி பனி.
மைனஸ் இருபது இல்லை, பூஜ்யம் இல்லை,
சிவப்புக் கோடு மட்டும்
மேட்டுப்பாளையம் ரோட்டில் முன்னால் போகும்
லாரியின் பின்விளக்காக.

காய வைத்தேன். ஓரத்தில் பசை வைத்து அடைத்தேன்.
செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த
சிலிகா பொட்டலம் ஒன்றும் உள்ளே போயிற்று.
அடுத்த திங்கள் மறுபடி பனி, மறுபடி கம்பளி.

இந்தத் தடவை அவர் உட்காரவில்லை.
உள்ளங்கையில் இலையைக் கசக்கியே
ஈரம் எத்தனை என்று சொல்கிற மனிதர்,
ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் முகத்தில்
விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார்.
“இங்க வெதுவெதுன்னு இருக்கு.
இங்க சில்லுனு.”
வலப்பக்கம் டிரான்ஸ்பார்மர்.
இடப்பக்கம் ஒன்றுமில்லை, இப்போது.
“அந்தப் பழைய பல்பு
வெளிச்சம் மட்டுமா மேடம் குடுத்துச்சு?”

என் முகம் சூடாகியது.
அன்றைக்குக் கடையில் அது ஒன்றுதான் சூடு.

டப்பாவைக் கிளறி ஒரு ரெசிஸ்டர் எடுத்தேன்.
இருபத்திரண்டு ஓம், ஐந்து வாட்,
வெள்ளை சிமெண்ட் உடம்பு.
மந்திரத்து ஓம் இல்லை, ஆறு ரூபாய்.
இடது மீட்டரின் முதுகில், தொட்டும் தொடாமலும்.
ஒளி தராது, பாட்டில் அதற்குப் பங்கில்லை.
பல்பு குடித்த அளவு கரண்டைக் குடித்துவிட்டுச்
சும்மா சுட்டுக்கொண்டிருக்கும்.
எல்.இ.டி.யில் மிச்சம் பிடித்ததில் பாதி
அதற்கே போயிற்று.

பில்லில் என்ன எழுதுவது?
எல்.இ.டி. இரண்டு, டையோடு நான்கு,
கெபாசிட்டர் ஒன்று,
சூடு ஒன்று.
படித்துவிட்டுச் சட்டைப்பையில் மடித்து வைத்தார்.

சுவிட்ச் போட்டேன்.
ஆளுக்கொரு ஸ்டூல்.
வெளியே ஜான்ஸ்டன் சதுக்கம் முழுக்க வெள்ளை,
பஸ் எங்கே நிற்கிறது என்று
ஹாரனை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.
கண்ணாடியில் இடது மூலை முதலில் விட்டது.
மைனஸ் இருபது தெரிந்தது.
அதற்கும் கீழே முள்
அசையாமல் படுத்திருந்தது.

அவர் என்னைப் பார்த்தார்.

நான் இன்னும் பாட்டே போடவில்லை.