ஆறு வீடு வேண்டும்

கிராஃபர்ட் மார்க்கெட்டில்
‘ரெண்டும் அக்கா தங்கச்சி’ என்று
பிள்ளை மேல் சத்தியம் செய்து விற்றான்.
நாலாம் மாதம்
தங்கச்சிக்கு விதை இறங்கிற்று.

அன்றிரவே செல்வின் சட்டம் அறுத்தான்.
ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸ் பால்கனி,
ஒன்பதடிக்கு மூன்றடி,
நடுவே கம்பிவலை.
இந்தப் பக்கம் ரவை, அந்தப் பக்கம் தார்.
ஹாலில் ஓடுவதற்கு
காலையில் அவள், ராத்திரி அவன்.
மற்ற நேரமெல்லாம் வலைக்கண்ணில் இரண்டு மூக்கும்
விடாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தன.

‘ஒரு தடவை போடட்டுமே’ என்றான் செல்வின்.
உடன்பிறந்ததுகள் என்றேன்.
‘காம்ப்ளே மகள் தாணேயில் ஒரு ஆண் வச்சிருக்கா.
வேற ரத்தம்.’
பிடித்த முயலுக்கு மூன்றே கால் அவனுக்கு.
நான் நான்கையும் எண்ணுகிறவள்.
சுங்கத்துறையில் பதினோரு வருடமாக
வேறென்ன செய்கிறேன்.

பரேல் டாக்டர்
ரவையின் இடுப்பெலும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்:
எட்டு மாசம் ஆகுது.
முதல் ஈற்று என்றால் வருஷம் திரும்புவதற்குள்.
அதற்குப் பிறகு எலும்பு இறுகிவிடும், ஆசைப்படாதீர்கள்.
வேண்டாமென்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது,
பின்னால் புற்று வைக்கும்.
முப்பத்தோரு நாள் சுமப்பாள்.
ஆறு போடலாம். எட்டும் போடலாம்.

பழைய பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்தேன்.
குட்டி கேட்டவர் பெயர்.
எதிரே, அவர் வீடு.

பெர்லினின் வகுப்புத் தோழி தன்வி:
பிறந்தநாள் பன்னிரண்டாம் தேதி.
பதின்மூன்றாம் தேதியைப் பற்றி
அவள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
மாட்டுங்கா கொழுந்தன் பெண்டாட்டிக்கு
வெள்ளை மட்டும்.
மூன்றாம் மாடியில் பூனை இருக்கிறது,
‘அது சாது’ என்கிறார்கள்.
ஆபீஸ் பின்ட்டோ மிளகு வறுவல் என்று ஆரம்பித்தார்.
நானும் சிரித்துவிட்டு அடித்தேன்.
சர்ச் பாடகர் குழுவில் ஜாஸ்மின் அக்கா வாங்கிக்கொள்வாள்,
மே மாதம் நாற்பது நாள் ஊருக்குப் போவாள்.
அப்போ யார் பார்ப்பது?
‘நீதான் இருக்கியே.’

வாட்ச்மேன் மகள் மம்தா ஒருத்திதான்
அது என்ன தின்னும் என்று கேட்டாள்.
மறுநாளே காய்க்காரனிடம்
கொத்தமல்லிக் காம்பு பொறுக்கிவந்தாள்.
அவர்கள் இருப்பது படிக்கட்டின் கீழ், ஜன்னல் கிடையாது.
ஏப்ரலில் அங்கே மெழுகுவத்தி வளையும்.
அவள் பெயரை நான் அடிக்கவில்லை.
எதிரே எதுவும் எழுதவுமில்லை.

ஜூலையில் ஒரு ராத்திரி,
சாரல் பால்கனியை நனைத்துக்கொண்டிருந்தபோது
ரவை வாய் நிறையக் காய்ந்த புல்லோடு,
பெரிய மீசை வைத்த போலீஸ்காரர் மாதிரி,
ஹாபூஸ் மாம்பழப் பெட்டிக்கும் புல்மூட்டைக்கும்
நடையாய் நடந்தாள்.
பிறகு உட்கார்ந்து
நெஞ்சு மயிரைப் பற்களால் பிடுங்கத் தொடங்கினாள்.
‘அம்மா, தார் வந்துட்டான்!’
டார்ச் அடித்து வலையின் ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தேன்.
எல்லாம் சரியாக இருந்தது.
தார் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பொய்ச்சினை என்றாள் டாக்டர், போனில்.
நாலு நாளில் தானே மறந்துவிடும்.
கூட்டை மட்டும் கலைக்காதீர்கள்.

நான் விரல் விட்டுப் பார்த்தேன்.
பெட்டிக்குள் கதகதவென்று இருந்தது.
யாருக்கோ.
‘அவளுக்கு வேணும்னா?’ என்று பெர்லின் கேட்டதற்கு
பேரேட்டில் பத்தி இல்லை.
செல்வின் அன்று தாணேயைப் பற்றிப் பேசவில்லை.
பெட்டிக்கு மேல் சாரல் விழாதபடி
தன் மழைக்கோட்டைக் கட்டிவிட்டு
வந்து படுத்தான்.

வியாழக்கிழமை, பரேல், பத்தரை மணி.
இரண்டுக்கும் சேர்த்தே சொல்லி வைத்திருக்கிறேன்.
ஆறு வாரம் கழித்து வலையை எடுத்துவிடலாமாம்.
ஆபீஸில் என் கறுப்புச் சேலையில்
இன்னும் வெள்ளை முடி ஒட்டியிருக்கிறது,
கவுன்ட்டரில் ஒருவர் குனிந்து பார்க்கிறார்.

நாலாம் நாள் காலை
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.
ரவை தன் கூட்டைத் தின்றுகொண்டிருந்தாள்,
முடியை ஒதுக்கிவிட்டு
புல்லை மட்டும்.