நுரைக்காத தாள்

கம்பெனியில் வாஷ் டெஸ்டுக்கு வந்து
மீந்துபோன டப்பா.
"எடுத்துட்டுப் போங்கக்கா, டேட் முடியப்போகுது" என்று
செக்கிங் டேபிளில் வைத்துவிட்டுப் போனான்
மெர்ச்சண்டைசர் தம்பி.

உள்ளே முப்பது தாள்.
பொடியில்லை, கட்டியில்லை, பாட்டிலில் ஊற்றிக்கொள்கிறதும் இல்லை.
பேக்கரியில் பன்னுக்கு அடியில் வைக்கிற காகிதம் மாதிரி
வெள்ளையாய், லேசாய்.
ஒரு வாளிக்கு ஒன்று,
கிழித்துப் போட்டால் கரைந்துவிடுமாம்.

லைன் வீட்டில் ஏழு குடித்தனம், ஒரே துவைக்கிற கல்.
ஞாயிற்றுக்கிழமை அது எனக்கு
ஏழரையிலிருந்து எட்டேகால் வரைக்கும்.
எனக்கப்புறம் துளசிமணி.
முறை வருவதற்கு முன்னாலேயே வந்து நிற்கிறவள்
வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.
"காயிதம் போட்டாத் துணி வெளுக்குமாக்கும்?
அப்பறம் என்ற ஊட்டுக் கரண்ட்டு பில்லையும்
இதுலயே ஊற வெச்சுப்போடுங்க."

எங்கள் தண்ணீர் சப்பைத் தண்ணி.
எண்ணூறு அடிக்குக் கீழே இருந்து வருகிறது,
பருப்பை வேகவிடாது.
சோப்பைக் கண்டால் தயிர் மாதிரித் திரிந்து
மேலே ஏடாய் மிதக்கும்.
நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருதரம்,
அது குடத்தை விட்டு வெளியே வராது.

தாளைக் கிழித்தேன்.
விரலில் ஒட்டியது, வழுக்கியது,
அப்புறம் எங்கே போனதென்று தெரியவில்லை.
கலக்கினேன். நுரை இல்லை.
வளையல் சத்தம் மட்டும்.

அவர் சட்டையை முக்கினேன்.
சாயப்பட்டறைச் சட்டை.
இந்த வாரம் என்ன கலர் ஓடிற்று என்று
கழுத்துப்பட்டையே சொல்லும்: மயில்கழுத்து நீலம்.
அக்குளில் வேர்வையும் ஆசிடும் ஹைட்ரோவும் சேர்ந்த வாசம்,
மூக்குக்குப் பழகிப்போய்
இல்லாவிட்டால்தான் தேடும்.

கசக்கினேன். அப்போதும் நுரை இல்லை.
துவைத்த மாதிரியே இல்லை.
உள்ளே போய்ப் பழைய பொடியில்
ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன்.

ஈரக்கையில் பொடி சுட ஆரம்பித்தது.

போன ஐப்பசியில் மழைக்கு மறுநாள்
அணைப்பாளையத்துப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
நொய்யலிலிருந்து நுரை எழும்பி
ரோட்டுக்கே வந்திருந்தது, ஆள் இடுப்பு உயரத்துக்கு.
ஒருத்தன் பைக்கோடு உள்ளே போய்
பஞ்சு வியாபாரி மாதிரி வெளியே வந்தான்.
பையன்கள் போட்டோ எடுத்தார்கள்.
நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து கடந்தேன்.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
சேலைக் கரையில் காய்ந்துபோய் ஒரு துருநிறக் கோடு.
பொடி போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன்,
இன்னும் இருக்கிறது.

அத்தனை நுரை அது.

பொடியை டப்பாவுக்கே திருப்பினேன்.
பாதிதான் விழுந்தது.
மீதி உள்ளங்கையில் கட்டிதட்டிப்போய்
அந்த வாளியிலேயே கையைக் கழுவினேன்,
பொய் சொல்வானேன்.

அலசினேன். முதல் தண்ணியிலேயே
வாளியின் அடியில் அச்சடித்திருந்த கம்பெனிப் பேர் தெரிந்தது.
மூன்று அலசல் வேண்டியது ஒன்றோடு நின்றது.
கறிவேப்பிலைக்கு அதை ஊற்றினேன்.
பக்கத்தில் நிரப்பி வைத்த இரண்டு குடம்
தொடாமல் அப்படியே.

சட்டையை உதறிக் கொடியில் போட்டேன்.
நீலம் போகவில்லை.
அது எதற்கும் போகாது, அவர் நகக்கண்ணிலேயே இருக்கிறது.
வாசம் போயிருந்தது.
வெயில் பட்ட வெறும் துணி வாசம்.
ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர் உள்ளே தூங்குகிறார்,
எழுந்து மோந்து பார்த்துவிட்டு
யார் சட்டை என்று கேட்பாரோ என்னவோ.

மணி எட்டு மூன்று.

வாளியைக் கவிழ்த்தேன்.
கல் ஈரமாய், குளுகுளுவென்று இருந்தது.
சேலையை ஒதுக்கிக்கொண்டு
அதன்மேலேயே உட்கார்ந்தேன்,
கால் இரண்டையும் நீட்டி.

"ஆச்சுங்களா? ஆச்சுன்னா எந்திரிங்க,
நான் ஊற வெக்கோணும்" என்றாள் துளசிமணி.

"இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்குதுங்க" என்றேன்.