இருபத்து மூன்று மணித்தியாலம்

எக்ஸ்ரே உறையில் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.
உள்ளே இருந்த எலும்பு என்னுடையதுதான்.
மட்டிக்களிப் பக்கம் வளையும் றோட்டைப் போல
ஒருக்கால் இடப்பக்கம் போய், யோசித்து,
திரும்பி வந்திருந்தது.
முப்பத்து நான்கு பாகை.
பாகைமானியில் அது சின்னக் கோணம்.

அப்பா மேசன்.
தூக்குக்குண்டு விட்டு மூன்று மாடி நிமிர்த்துகிறவர்.
டொக்டர் என் பிடரியில் நூலை வைத்துக்
குண்டைத் தொங்கவிட்டபோது
யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நூல் எங்கே விழுகிறது,
எவ்வளவு விலகி விழுகிறது,
பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

கொழும்பில் ஈரப் பட்டி சுற்றி அச்செடுத்தார்கள்.
காயும்வரை முழு மூச்சு விடாதே என்றார்கள்.
அந்த அரை மூச்சுத்தான்
பிறகு இரண்டு வருசம் நான் விட்ட மூச்சு.

வெள்ளைப் பிளாஸ்டிக். முதுகில் மூன்று வார்.
பேனாவால் போட்ட கோடுவரை
அம்மா முழங்கால் கொடுத்து இழுப்பா.
உள்ளே பனியன்,
பனியனுக்குள் பவுடர்,
பவுடருக்குள் மே மாதம்.

மெரில்டா என் முதுகைக் கதவென்று தட்டுவாள்.
"உள்ளுக்கு ஆக்கள் இருக்கினமோ?"
சிரிப்பேன்.
சில நாள் ஒருவரும் இல்லை.
அழிறப்பர் விழுந்தால் விழுந்ததுதான்.
மதிலோரம் மான்கள் வரும்,
சாப்பாட்டுத் தாளுக்குக் குனியும்.
எவ்வளவு லேசாய்க் குனியும்.

இரண்டாயிரத்து ஏழு. சந்திக்குச் சந்தி சென்றி.
பெண்களுக்குத் தகரக் கொட்டில், சாக்குத் திரை.
அவளுடைய கை என் விலாவுக்கு வந்து நின்றது.
தட்டினாள்.
டொக்.
ஓரடி பின்னால் போனாள். இன்னும் ஓரடி.
எங்கள் வீட்டில் குண்டு என்றால்
அப்பாவின் தூக்குக்குண்டு.
அந்தக் கொட்டிலுக்குள் நான்
உடம்பைச் சுற்றிக் கெட்டியாய் எதையோ கட்டியிருக்கும்
பதினான்கு வயதுத் தமிழ்ப் பெட்டை.
அவள் என்ன நினைத்தாள் என்பது
எனக்கும் விளங்கியது.
அதுதான் கூடப் பயம்.

டொக்டரின் கடிதம் புத்தகப்பையில், இங்கிலீசில்.
பைக்குள் கை விடலாமா?
விடவில்லை.
சீருடையின் இடுப்போரச் சிப்பை
மெல்ல, மிக மெல்லத் திறந்தேன்:
பிளாஸ்டிக். வார். பேனாக் கோடு.

வெளியே வரிசை இருமியது.
கிட்ட வந்தாள்.
ஒரு விரலால் அந்தக் கோட்டைத் தொட்டாள்.
என்னைவிட நாலைந்து வயது மூப்பிருக்கும்,
நகத்தில் உரிந்த சிவப்பு.
ஏதோ கேட்டாள். ஒரே ஒரு சொல்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அது இல்லை.
"பிளாஸ்டிக்" என்றேன்.
கொஞ்ச நேரம் நின்றாள்.
போ என்று கை காட்டினாள்.

வீட்டில் சொல்லவில்லை.
கழற்றி வைக்கும் ஒரு மணித்தியாலத்தில்
பாதியை அப்பா எடுத்துக்கொள்வார்.
இடுப்பெலும்பில் உரசும் விளிம்பை
எமரித் தாளால் தேய்ப்பார், ஊதுவார்,
தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்,
திரும்பவும் தேய்ப்பார்.
அன்றைக்கும் தேய்த்தார்.
மற்றப் பாதி கிணற்றடி.
தோளில் ஊற்றிய தண்ணீர்
எப்போதும் ஒரே பக்கமாய் இறங்கும்.

முப்பத்தொன்றில் நின்றது.
நேராகவில்லை, நின்றது.
டொக்டர் கை குலுக்கினார்.
கவசம் அலுமாரிக்கு மேலே,
பதினாறு வயது இடுப்பு ஒன்றை
இன்னும் பிடித்துக்கொண்டு.

போன மாதம் கந்தோரில் எங்களுக்குச் சிங்கள வகுப்பு.
ஐந்தாம் பாடம்: உடம்பும் நோயும்.
பலகையில் மூன்றாவதாய் எழுதியிருந்தது,
ரிதெனவாத.
நோகிறதா.

பக்கத்தில் றிஸ்மியா எழுதி முடித்து
என் கொப்பியை எட்டிப் பார்த்தாள்.
நான் இன்னும் திகதிகூட எழுதவில்லை.
'ஓம்' என்பதற்கான சொல்
முதல் பாடத்திலேயே வந்துவிட்டது.