கன்னம்

"எல்லாம் நடுவில்தான் வரும்" என்றாள் ல்யூதா,
பரிமாறுகிற பெண்.
பெயர்ப்பட்டையில் ஒரு துளி மிளகாய் விழுது.
"எது முதலில் வேகிறதோ அது முதலில்.
யாருக்கும் தனித்தட்டு கிடையாது."

நால்வர் நாங்கள்.
என் கணவர் தார்மோ.
அவருடைய முன்னாள் மனைவி சிர்யே.
சிர்யேயோடு இப்போது இருக்கும் ரைவோ.
நான்.
ஹியூமா தீவில் ஒரு வீடு, இன்னும்
தார்மோ, சிர்யே இருவர் பெயரிலும்.
அதை விற்பது பற்றிப் பேச
யார் வீடும் அல்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது.
ரைவோ கண்டுபிடித்த இடம் இது:
தாலினில், காலமாயாவில்,
பழைய வலைத் தொழிற்சாலை.
கூரையில் கொக்கிகளை அப்படியே விட்டிருக்கிறார்கள்.
வெளியே ஏப்ரலின் அழுக்குப் பனி.
மூலையில் டிராம் ஒன்று
பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியது.

முதலில் கேரட்.
தீக்குச்சி போல நறுக்கி, பூண்டும் கொத்தமல்லி விதையும் போட்டு.
"எங்கள் ஆட்கள் தாஷ்கண்டில் இருந்தபோது
கிம்ச்சிக்கு முட்டைக்கோசு கிடைக்கவில்லை.
கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள்.
இப்போது முட்டைக்கோசு கிடைத்தாலும்
இதைத்தான் கேட்கிறார்கள்."
நான் இரண்டாம் முறை எடுத்துக்கொண்டேன்.
ஒன்று இல்லாததால் வந்த இன்னொன்று
இவ்வளவு மொறுமொறுப்பாக இருக்குமென்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு கருப்பு ரொட்டி, காரவெண்ணெய்,
மேலே தலையணை இல்லாமல் படுத்த பொடிமீன்கள்.
பிறகு மாண்டு, மூன்று கொழுக்கட்டைகள்.
நால்வர் மேசையில் மூன்று.
சமையற்காரருக்குக் கணக்கு வராதா,
அல்லது வேடிக்கை பார்க்கிறாரா?
இரண்டு போயின.
மூன்றாவதைச் சுற்றிக்கொண்டு போயின
எல்லாருடைய உலோகக் குச்சிகளும்.

விலை பேசினோம். நீராவிக் குளியலறை தனிக்கணக்கா?
படகு ஓட்டை, அதை யார் சொல்வது வாங்குகிறவரிடம்?
ரைவோ எனக்கு ஊற்றினார்; அவர் கிளாசை நான்தான் நிரப்பவேண்டுமாம்,
தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது மரியாதை இல்லையாம்.
படித்துவிட்டு வந்திருக்கிறார், பாவம்.

அப்போது வந்தது தட்டைமீன்.
முழுசாக, சிவந்து, தட்டைவிட நீளமாக.
சிர்யே கூரையின் தகரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.
முகம் ரைவோவின் பக்கம்.
பேச்சு நிற்கவில்லை.
கை மட்டும் நீண்டு,
மீனின் கன்னத்துச் சதையை நகத்தளவு தோண்டி
தார்மோவின் கிண்ணத்தில் வைத்தது.

தார்மோ அதைச் சாப்பிட்டார்.
பார்க்கக்கூட இல்லை.

தகரம் பாதியில் நின்றது.
விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள்,
பதினோரு வருடத்துக்கு முன்.
கைக்கு யாரும் சொல்லவில்லை போல.

எனக்குக் கோபம் வரவில்லை, அதைச் சொல்லிவிடவேண்டும்.
வந்தது வேறு:
இவருக்குக் கன்னம் பிடிக்குமா?
ஆறு வருடமாக நான் அதைப்
பூனைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல்
பூனை தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாரா?

ரைவோ தன் கிண்ணத்தைப் பார்த்தார்.
அதில் முள்.
நான் அவர் கிளாசை விளிம்புவரை நிரப்பினேன்,
கொஞ்சம் மேசைக்கும்.

ல்யூதா கத்தரிக்கோலோடு வந்தாள்.
இங்கே இறைச்சியை அதனால்தான் வெட்டுகிறார்கள்.
நான் வாங்கி, ஆறிப்போன அந்த மூன்றாவது மாண்டுவை
நான்காக வெட்டப் பார்த்தேன்.
உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.
சிர்யேதான் முதலில் சிரித்தாள்.
ரைவோ ரொட்டியால் தட்டைத் துடைத்தார்.
வீட்டுக்கு ஒரு விலை முடிவாயிற்று,
என்ன விலை என்று இப்போது சரியாக நினைவில்லை.

"சேர்த்தா, தனித்தனியாகவா?"
பில்லோடு ல்யூதா கேட்டாள்.
நால்வரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

வியாழக்கிழமை ரயில் நிலையச் சந்தையில்
ஒரு தட்டைமீன் வாங்கினேன்.
வெண்ணெயில் பொரித்தேன்.
பூனை நாற்காலியின் ஒரு பக்கம்,
தார்மோ இன்னொரு பக்கம்.
கரண்டி நுனியில் கன்னம்,
சூடாக, நகத்தளவு.
இருவரையும் பார்த்தேன்.

நானே தின்றேன்.
நன்றாகத்தான் இருக்கிறது.